விமானத்தில் போகலாம், காரில் கூடாது: பெருந்தொற்றுக் கால எல்லை விதிகள் எப்படி இயங்கின?

2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை, கனடாவின் விண்ட்சர் நகரில் வசித்த ஒரு கனடியர், ஆற்றுக்கு அக்கரையில் கண்ணெதிரே தெரியும் அமெரிக்க நகரமான டெட்ராயிட்டுக்குச் சுற்றிப்பார்க்கக் காரில் போக முடியாது. அதே மனிதர் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டொரண்டோவுக்குப் போய் விமானம் ஏறினால், அதே டெட்ராயிட்டில் சட்டப்படி இறங்கலாம். இரண்டு பயணங்களிலும் ஆள் ஒருவர், சேருமிடம் ஒன்று, கிருமியும் ஒன்றுதான்.

வட சென்னையின் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இருந்துகொண்டு, டொரண்டோவில் இருக்கும் மகனும் மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் மருமகனும் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட குடும்பங்களுக்கு அன்று எழுந்த குழப்பம் இதிலிருந்து வந்ததுதான். "எல்லையை மூடிவிட்டார்கள்" என்று செய்தி வரும். அடுத்த வாரமே தெரிந்தவர் ஒருவர் அந்த எல்லையைக் கடந்து போயிருப்பார். அவர் ஏமாற்றினார் என்றோ அதிகாரிகளைச் சரிக்கட்டினார் என்றோ பேச்சு கிளம்பும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. மூடப்பட்டது எது என்பதைச் செய்தி சொல்லாமல் விட்டிருக்கும்.

எளாவூரிலிருந்து தொடங்கலாம்

வட சென்னைக்காரர்கள் வெளிநாட்டு எல்லையைக் காரில் கடப்பது அரிது. ஆனால் ஓர் எல்லை எப்படி மூடப்படும் என்பதை 2020இல் அவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் சோதனைச்சாவடியைக் கடந்தால் சிறிது தொலைவில் ஆந்திரம் வந்துவிடும். அப்பால் தடா, ஸ்ரீசிட்டி. ஊரடங்கு நாட்களில் அந்தச் சாவடியில் நின்ற காரின் ஓட்டுநர் கைப்பேசியில் இ-பாஸைத் திறந்து நீட்டுவார். அதில் வண்டி எண், பயணிகளின் பெயர்கள், காரணம், தேதி ஆகியவை இருக்கும். காவலர் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, பாஸில் இருந்த எண்ணும் நம்பர் பிளேட்டும் ஒன்றா என்பதைத்தான். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் போன்ற காரணங்களுக்குப் பாஸ் கிடைத்தது. சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும் என்றால் கிடைக்கவில்லை. துறைமுகத்திலிருந்து சரக்கோடு வந்த டிரெய்லர்களோ வேறு விதியின்கீழ் அதே சாலையில் போய்க்கொண்டிருந்தன.

மாநிலங்களுக்கிடையே போவதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஆணையில் சொன்ன பிறகும், வெளிமாநிலத்திலிருந்து வருவோருக்குத் தமிழ்நாடு இ-பாஸைத் தொடர்ந்தது. 2021 மார்ச்சில் அந்தக் கட்டாயத்தை மீண்டும் வலியுறுத்தியபோது ஆந்திரம், கர்நாடகம், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களிலிருந்து வருவோருக்கு விலக்கு தந்தது. எனவே அந்த மாதம் நெல்லூரிலிருந்து எளாவூர் வழியே வந்தவருக்குப் பாஸ் தேவைப்படவில்லை. ஒடிசாவிலிருந்து அதே சாவடி வழியே வந்தவருக்குத் தேவைப்பட்டது. சாலை ஒன்றாக இருந்தாலும், விதி பார்த்தது ஆள் எங்கிருந்து புறப்பட்டார் என்பதை.

வெளிநாட்டு எல்லைகளிலும் இதே தர்க்கம்தான் இயங்கியது. இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள் என்பதால் சிக்கல் மட்டும் பலமடங்கு.

ஒவ்வோர் ஆணையும் பதில் சொன்ன கேள்விகள்

பெருந்தொற்றுக் காலத்து எல்லை ஆணை எதை எடுத்துப் படித்தாலும், அது கீழ்க்கண்ட கேள்விகளில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் பதில் சொல்லியிருக்கும். மற்றவற்றுக்கு வேறு ஆணையைத் தேட வேண்டும்.

1. யார்? சொந்தக் குடிமகனை உள்ளே விடாமல் இருப்பது பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் மிகக் கடினம். கனடாவில் நாட்டுக்குள் வருவது குடிமகனின் அரசியல் சாசன உரிமை. நிரந்தரவாசிக்கு அதற்கு அடுத்த நிலை. மாணவர், பணி அனுமதி பெற்றவர், சுற்றுலாப் பயணி என்று படிப்படியாக உரிமை மெலிந்துகொண்டே போகும்.

2. எந்த வழியாக? தரை, வானம், கடல் மூன்றுக்கும் ஒரே ஆணை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

3. எதற்காக? "அத்தியாவசியம்" என்ற சொல்லுக்கு ஒவ்வோர் அரசும் தன் பட்டியலை வைத்திருந்தது.

4. எந்தத் திசையில்? உள்ளே வருவதைத் தடுப்பது ஒன்று. தன் குடிமக்கள் வெளியே போவதைத் தடுப்பது இன்னொன்று. மலேசியா இரண்டாவதையும் செய்தது.

5. எந்தத் தாளோடு? சோதனை முடிவு, தடுப்பூசிச் சான்று, தனிமைப்படுத்தல் திட்டம் ஆகியவை இதில் அடங்கும். வண்டிக்கான தாள்கள் தனி உலகம். அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

தரைவழி ஏன் தனியாக நடத்தப்பட்டது?

விமானப் பயணியை முதலில் வடிகட்டுவது அரசு அல்ல, விமான நிறுவனம். உரிய தாள் இல்லாதவரை ஏற்றிச்சென்றால் நிறுவனத்துக்கு அபராதம் விழும் என்பதால், மீனம்பாக்கத்திலேயே கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். பயணிகள் பட்டியலும் விமானம் தரையிறங்கும் முன்பே சேருமிட நாட்டின் கைக்குப் போய்விடும். காரில் வருபவருக்கு இப்படியொரு முன்வாசல் இல்லை. அவர் எல்லைக்கோட்டின்மேல் வந்து நின்ற பிறகுதான் அவர் யார் என்பதே அதிகாரிக்குத் தெரியும். அவர் குடிமகனாக இருந்தால், சோதனைச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பவும் முடியாது. அதிகபட்சம் அபராதம் போடலாம்.

அடுத்து, எண்ணிக்கை. கனடா 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை டொரண்டோ, மான்ட்ரியல், கால்கரி, வான்கூவர் என்ற நான்கு நிலையங்களுக்குள் அடக்கியது. 8,891 கிலோமீட்டர் நீளமுள்ள அமெரிக்க எல்லையில் நூற்றுக்கும் மேற்பட்ட சாலைக் கடவுகள் உண்டு. அவற்றில் பல, வயல்வெளி நடுவே ஓர் அறையும் ஒரு தடுப்புக்கட்டையும் மட்டுமே. நான்கு இடங்களில் ஓட்டல் அமர்த்தித் தனிமைப்படுத்தலாம். நூறு இடங்களில் அதைச் செய்ய இயலாது.

எல்லையில் நிறுத்திவைத்து நோயைத் தடுப்பது தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் தலைமன்னாருக்குக் கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் அடைத்துவைக்கப்பட்டார்கள். அங்கும் போக்குவரத்து ஒரே வாசலுக்குள் அடங்கியதால்தான் அது நடந்தது.

அமெரிக்கா–கனடா: ஓர் எல்லை, இரண்டு சட்டங்கள்

2020 மார்ச் 21 முதல் இரு நாடுகளும் "அத்தியாவசியமற்ற" பயணத்தைத் தடுத்தன. மாதந்தோறும் 21ஆம் தேதி நெருங்கும்போது நீட்டித்தன. அறிவிப்பு ஒன்றுபோல் ஒலித்தாலும் பின்னால் இருந்த சட்டங்கள் வேறு.

கனடா தன் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் ஆணை பிறப்பித்தது. அது வெளிநாட்டவரைப் பார்த்துப் பேசும் சட்டம். அவர் எந்த வாகனத்தில் வந்தாலும் பொருந்தும். அமெரிக்கா கைக்கொண்டதோ சுங்கச் சட்டத்தின் ஒரு பிரிவு. அது ஆளைப் பார்த்துப் பேசாமல் நுழைவாயிலைப் பார்த்துப் பேசும் சட்டம். சாலை, பயணிகள் ரயில், படகு ஆகியவற்றின் வழியே தரை நுழைவாயில்களுக்கு வருவோரை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. விமானப் பயணத்தை அறிவிப்பிலேயே விலக்கிவிட்டார்கள். விண்ட்சர்வாசி கண்ணெதிரே தெரியும் ஊருக்குப் பறந்துபோக வேண்டியிருந்த விந்தைக்குக் காரணம் இதுதான். இதில் மருத்துவக் காரணத்தைத் தேடுவது வீண். குளிர்காலத்தை புளோரிடாவில் கழிக்கும் கனடிய முதியவர்களில் சிலர், காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தாங்கள் ஹெலிகாப்டரில் நயாகராவைக் கடந்து பஃபலோவில் இறங்கி, அங்கே தங்கள் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். சரக்கு லாரிக்குத் தடை இல்லை, வான்வழிக்கும் தடை இல்லை. தன் காரைத் தானே ஓட்டுவதற்கு மட்டுமே தடை.

எதிர்த்திசையிலும் ஓட்டை இருந்தது. 2021 பிப்ரவரி 22 முதல், விமானத்தில் கனடாவுக்கு வந்தவர்கள் சோதனை முடிவு வரும்வரை, மூன்று இரவுகள்வரை, அரசு அங்கீகரித்த ஓட்டலில் சொந்தச் செலவில் தங்க வேண்டும் என்றானது. 2,000 டாலருக்குமேல் ஆகலாம் என்று பிரதமர் ட்ரூடோ அறிவிப்பின்போதே சொல்லியிருந்தார். சாலைவழி வந்தவர்களுக்கு ஓட்டல் கிடையாது. 72 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனைச் சான்று, எல்லையில் ஒரு சோதனை, பிறகு வீட்டிலேயே 14 நாள். எனவே பலர் பஃபலோவில் விமானத்தை விட்டிறங்கி, வாடகைக் காரில் நயாகரா பாலத்தைக் கடந்து வீடு சேர்ந்தார்கள். இது சட்டமீறல் அல்ல. ஆனால் சென்னையிலிருந்து புறப்பட்ட மாணவருக்கு இந்த வழி எளிதாக இல்லை: அமெரிக்க விசா கையில் இருக்க வேண்டும், 2021 மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருவோரில் பெரும்பாலானோரை அமெரிக்காவே தடுத்திருந்தது. இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களைக் கனடா ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை நிறுத்தியிருந்ததால், மூன்றாம் நாட்டில் தங்கி, அங்கே சோதனை எடுத்து, சுற்றிப் போவதே அவர்களுக்கு மிஞ்சியது.

அலாஸ்காவுக்குப் போகும் அமெரிக்கர்கள் கனடா வழியாகத்தான் ஓட்டிப் போக வேண்டும். "அலாஸ்கா போகிறேன்" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டு மலைப்பூங்காக்களில் சுற்றியவர்கள் பிடிபட்டதால், 2020 ஜூலை 31 முதல் அவர்கள் ஐந்து கடவுகள் வழியே மட்டும் நுழையலாம் என்றானது. கண்ணாடியில் தொங்கவிட ஓர் அட்டையும் தரப்பட்டது. வண்டி எந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். நம் இ-பாஸ் செய்த வேலையைத்தான் அந்த அட்டையும் செய்தது.

மிகவும் நொந்தது பாயின்ட் ராபர்ட்ஸ். வரைபடத்தில் நேர்கோடு இழுத்ததால் கனடிய நிலத்தின் நுனியில் தொங்கும் அமெரிக்க ஊர் அது. அமெரிக்காவின் மற்ற பகுதிக்குச் சாலையில் போக, கனடாவுக்குள் நுழைந்து மீண்டும் வெளியேற வேண்டும். இரண்டு கடவுகளும் இறுகியதும் அங்கே இருந்த ஆயிரத்துச் சொச்சம் மக்களுக்குப் படகு விட வேண்டியதாயிற்று.

2021 ஆகஸ்ட் 9 அன்று, முழுமையாகத் தடுப்பூசி போட்ட அமெரிக்கவாசிகளுக்குக் கனடா கதவைத் திறந்தது. அமெரிக்கா தன் தரைக் கதவைத் திறந்தது நவம்பர் 8 அன்றுதான். இடைப்பட்ட மூன்று மாதங்களில் அமெரிக்கர் வடக்கே காரில் போகலாம், கனடியர் தெற்கே காரில் வரக்கூடாது. இதற்குச் சுகாதார நியாயம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மெக்சிகோ எல்லைக்கும் கனடா எல்லைக்கும் ஒரே விதி வைத்திருந்த அமெரிக்க அரசு, ஒன்றைத் திறந்தால் மற்றதையும் திறக்க வேண்டியிருந்தது என்பதே நம்பத்தக்க விளக்கம்.

லாரி ஓட்டுநர்களின் விலக்கு

சரக்கு லாரி ஓட்டுநர்கள் தொடக்கம் முதலே விலக்கு பெற்றவர்கள். தனிமைப்படுத்தலும் அவர்களுக்கு இல்லை. 2022 ஜனவரி 15 அன்று கனடாவும், ஒரு வாரம் கழித்து அமெரிக்காவும் அவர்களிடம் தடுப்பூசிச் சான்று கேட்கத் தொடங்கின. அதைத் தொடர்ந்து வந்த போராட்டத்தில், விண்ட்சரையும் டெட்ராயிட்டையும் இணைக்கும் அம்பாசடர் பாலம் பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரு வாரம் மறிக்கப்பட்டது. இரு நாடுகளுக்கிடையிலான வணிகத்தில் ஏறத்தாழ கால்பங்கு அப்போது கடந்துவந்த பாலம் அது.

ஜோகூர் பாலம்: பேருந்து உண்டு, கார் இல்லை

வட சென்னைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கனடாவைவிட நெருக்கமானது சிங்கப்பூர்–மலேசிய எல்லை. ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் 1924ஆம் ஆண்டுப் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். துவாஸ் வழியாக 1998இல் திறந்த இரண்டாம் பாலமும் உண்டு. பெருந்தொற்றுக்கு முன்பு நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் இந்த எல்லையைக் கடந்தார்கள்.

இங்கே முதலில் கதவைச் சாத்தியது மலேசியா. 2020 மார்ச் 18 முதல் தன் குடிமக்கள் வெளிநாடு போவதையே அது தடுத்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இரண்டு நாள்கூட இல்லை. ஜோகூரில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாக மோட்டார் சைக்கிளில் தினமும் போய்வந்தவர்கள், 17ஆம் தேதி இரவுக்குள் எந்தக் கரையில் இருப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பையோடு பாலத்தைக் கடந்தார்கள். அவர்களைத் தங்கவைக்க, ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 சிங்கப்பூர் டாலர் வீதம் 14 இரவுகளுக்கு முதலாளிகளுக்குச் சிங்கப்பூர் அரசு உதவியது. காய்கறியும் முட்டையும் ஏற்றிய லாரிகள் மட்டும் நிற்கவில்லை.

பிறகு திறந்தது படிப்படியாகத்தான்:

1. 2020 ஆகஸ்ட் 17 முதல், நீண்டகால வேலை அனுமதி உள்ளவர்கள் குறைந்தது மூன்று மாதம் ஒரு கரையில் வேலைசெய்துவிட்டு விடுப்பில் ஊர் போய்வரும் திட்டம் வந்தது. இது தினசரிப் போக்குவரத்துக்கு ஈடாகாது.

2. 2021 நவம்பர் 29 முதல், தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாத தரைவழிப் பயணம் வந்தது. தொடக்கத்தில் ஒரு திசையில் நாளொன்றுக்கு 1,440 பேர். அதுவும் குறிப்பிட்ட பேருந்துகளில், முன்பதிவு செய்த சீட்டோடு. சேருமிட நாட்டின் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நீண்டகால அனுமதி பெற்றவர்களும்தான் முதலில் தகுதி பெற்றார்கள். சொந்தக் காருக்கு இடமில்லை.

3. 2022 ஏப்ரல் 1 முதல், தடுப்பூசி போட்டவர்கள் சோதனையே இல்லாமல் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் கடக்கலாம் என்றானது.

பேருந்தில் நெருக்கியடித்து வரலாம், தனியாகக் காரில் வரக்கூடாது என்பது முதல் பார்வையில் தலைகீழாகத் தெரியும். ஆனால் விமானத்துக்கு இருந்த முன்வாசலைத் தரையில் உருவாக்கும் முயற்சி அது. சீட்டு விற்கும் இடத்திலேயே எண்ணிக்கையை அடக்கலாம், ஏறும் இடத்திலேயே தாளைப் பார்க்கலாம், பயணிகள் பட்டியலும் கையில் இருக்கும். ஓமைக்ரான் வந்தபோது 2021 டிசம்பர் 23 முதல் சில வாரங்களுக்குப் புதிய சீட்டு விற்பனையை நிறுத்தினார்கள். பாலத்தை மூடாமலே வருகை குறைந்தது. கார்களைத் திறந்துவிட்டிருந்தால் இப்படிக் குழாயைத் திருகுவதுபோல் செய்திருக்க முடியாது. கனடா எல்லையில் நடந்ததைவிட இது யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பதே என் கணிப்பு.

கோவிஷீல்டா, கோவாக்சினா?

"முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்" என்ற சொற்றொடர் 2021இன் பிற்பகுதியில் விசாவுக்குச் சமமான கனம் பெற்றது. எந்த ஊசி கணக்கில் சேரும் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்தது. கனடா கோவிஷீல்டை 2021 பிப்ரவரியிலேயே அங்கீகரித்திருந்தது; கோவாக்சினை நவம்பர் 30 முதல்தான் ஏற்றது. செப்டம்பர் 7 அன்று உலகெங்கும் உள்ள தடுப்பூசி போட்ட பயணிகளுக்குக் கனடா கதவைத் திறந்தபோது, ஒரே வீட்டில் அப்பா கோவிஷீல்டு போட்டுக்கொண்டு தகுதி பெற்றிருக்க, அம்மா கோவாக்சின் போட்டுக்கொண்டு "தடுப்பூசி போடாதவர்" என்ற கணக்கில் நின்றிருப்பார். அமெரிக்கா உலக சுகாதார அமைப்பின் பட்டியலைப் பின்பற்றியது. கோவாக்சின் அதில் சேர்ந்தது நவம்பர் 3 அன்று, அமெரிக்கத் தரை எல்லை திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு.

சான்றிதழில் இருந்த பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாதது தமிழர்களுக்கே உரிய தொல்லை. ஆதாரில் இனிஷியலோடு இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு விரிந்து நிற்கும். பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும் வசதியைக் கோவின் தளம் 2021 ஜூனில் கொண்டுவந்தது.

வண்டிக்கு உரிமை கிடையாது

ஊர் திரும்பும் உரிமை குடிமகனுக்கு உண்டு. அவருடைய காருக்கு இல்லை. வண்டி ஒரு பொருள், அதைப் பார்ப்பது சுங்கத்துறையும் போக்குவரத்துத் துறையும். பெருந்தொற்று விதிகள் தளர்ந்த பிறகும் பலர் மாட்டிக்கொண்டது இங்கேதான். வருடக்கணக்கில் நின்ற வண்டிக்குச் சாலை வரியும் காப்பீடும் நுழைவு அனுமதியும் காலாவதியாகியிருந்தன. சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குப் போகும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்ற பழைய சுங்க விதியும் அப்படியே காத்திருந்தது.

இந்தியர்களைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய தாள்கள் மூன்று.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி: தண்டையார்பேட்டை, வியாசர்பாடி போன்ற ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் 1,000 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்கு இந்த ஓராண்டு தீர்ந்துபோனதால், இந்தியத் தூதரகங்கள் வழியாகவே விண்ணப்பிக்கலாம் என்று 2021 ஜனவரி 7 அன்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. மருத்துவச் சான்றும் விசாவும் வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே நீங்கியது.

கார்னே: வண்டியின் பாஸ்போர்ட் என்று இதைச் சொல்லலாம். சொந்த வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாக வேறு நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்க உறுதிப்பத்திரம் இது. வழக்கமாக ஓராண்டு செல்லும். காலம் முடிந்தும் வண்டி வெளியேறாவிட்டால் இறக்குமதி வரி கேட்கப்படும். எல்லை மூடியிருந்தது என்பது தானாகவே சலுகையைத் தராது. நீட்டிப்புக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

காப்பீடு: இந்திய மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகியவற்றுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் மூடிய பூடான் 2022 செப்டம்பர் 23 அன்று திறந்தபோது, முன்பு நீட்டித்து வாங்கியிருந்த ஓராண்டுப் பாலிசிகள் எல்லாம் முடிந்து நெடுநாளாகியிருந்தது. புதுப்பித்த பாலிசியில் "புவியியல் பரப்பு" என்ற வரியைப் பார்க்க வேண்டும். நீட்டிப்பைக் கேட்டு வாங்காதவருக்கு அங்கே "இந்தியா" என்று மட்டும் அச்சாகியிருக்கும்.